ஊரும் சேரியும்: இந்திய அரசியற் சிந்தனையிற் கிராமம்

ஒரு நாட்டின் சட்டங்களும் சமூகத் திட்டங்களும் அந்நாட்டு மக்களின் விழுமியங்களிலிருந்தே பிறக்கின்றன என்பது அரசியல் நூலார் பலர்க்கும் உடன்பாடான கொள்கை. மக்கள் உலகை எவ்வாறு காண்கின்றனரோ அவ்வாறே தம் ஆட்சியையும் அமைத்துக்கொள்வர் என்பர். பொதுப்படக் கூறுமிடத்து இதனை மறுப்பதற்கில்லை. ஆயின், 'மக்களின் விழுமியம்' என்று ஒருமையிலே பேசும்பொழுது, அம்மக்களுள் எவருடைய கண்ணாற் கண்ட உலகம் அது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை எழுப்பாது இயற்றப்பெறும் திட்டம், இயற்றியவர் எத்துணை நன்னோக்கம் உடையவராயினும், எங்கே சென்று முடியும் என்பதை அறிதற்கு இந்திய அரசியற் சிந்தனையிலே 'கிராமம்' என்னும் கருத்துப் பெற்ற வாழ்வும் தாழ்வும் தக்க சான்றாகும்.

1948ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி, இந்திய அரசியலமைப்பின் நகலை அரசியல் நிர்ணய சபையின்முன் வைத்துப் பேசிய கலாநிதி அம்பேத்கர், அந்நகல் கிராமத்தை அடிப்படை அலகாகக் கொள்ளவில்லை என்ற கண்டனத்துக்கு விடையிறுத்தார். கிராமச் சமுதாயங்கள் இந்தியாவைக் காத்தன என்பது பொய். அவையே அதன் அழிவுக்குக் காரணமாயின. குறுகிய ஊர்ப்பற்றும் அறியாமையும் வகுப்பு மனப்பான்மையும் தேங்கிநிற்கும் இடமே கிராமம். அதனை விடுத்துத் தனிமனிதனை அலகாக நகல் கொண்டமை மகிழ்ச்சிக்குரியது. அவர் கூறியதன் சாரம் இதுவாகும். காந்தியடிகள் மறைந்து ஒன்பது திங்களே சென்றிருந்த காலம் அது. சபையில் இவ்வுரை மனக்கசப்பை உண்டாக்கியதில் வியப்பில்லை. அடுத்துப் பேசிய உறுப்பினர்களுள் எச். வி. காமத் அவர்கள் இது நகரத்து மேதாவியின் நோக்கு எனச் சாடினார். ரங்கா, பிரகாசம் போன்ற தென்னாட்டாரும் கிராமத்தின் பக்கமே நின்றனர்.

நகரவாசி ஊரை அறியான் என்பதே அன்றைய கண்டனத்தின் உயிர்நிலை. அதன் பொருத்தத்தை ஆராயுமுன், கிராமத்தைப் போற்றியவர்கள் அப்போற்றுதலை எங்கிருந்து பெற்றனர் என்று காண்பது நன்று.

இந்தியக் கிராமம் ஒரு சிறு குடியரசு என்ற தொடர் வேதத்திலோ ஆகமத்திலோ தமிழ்ச் சங்கச் செய்யுளிலோ தோன்றியதன்று. அது கிழக்கிந்தியக் கும்பனியாரின் வருமானக் கணக்கேடுகளிலே தோன்றியது. நிலவரி விதித்தற்காக ஊர்களை அளந்து எழுதிய அதிகாரிகள், ஊருக்கு ஊர் தலைவனும் கணக்கனும் காவற்காரனும் வண்ணானும் நாவிதனும் தச்சனும் கொல்லனும் இருப்பதையும், அவர்களுக்கு விளைச்சலிற் பங்கு அளக்கப்படுவதையும் கண்டு வியந்தனர். மதராசிலே தோமஸ் மன்றோவும், தக்கணத்திலே எல்பின்ஸ்டனும் இவ்வாறு எழுதினர். 1830இல் சார்ல்ஸ் மெற்காப் எழுதிய குறிப்பே இவற்றுள் மிகப் புகழ்பெற்றது. தமக்கு வேண்டிய யாவற்றையும் தம்முள்ளேயே உடையனவாய், அரச மரபுகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரிந்தபோதும் தாம் சரியாது நிலைத்தனவாய் அவர் அவ்வூர்களைச் சித்திரித்தார். மெற்காப் இதனை எழுதியதும் வெறும் வியப்பினால் அன்று. எவ்வகை நிலவரி முறை மேலானது என்ற வாதத்திலே தம் பக்கத்துக்கு வலிமை தேடியே எழுதினார். வாதம் மறைந்தது, சித்திரம் நிலைத்தது.

பின்னர் இந்திய ஆட்சியிற் சட்ட உறுப்பினராயிருந்து இங்கிலாந்து மீண்ட ஹென்றி மெயின், 1871இல் கிழக்கு மேற்கு நாடுகளின் கிராமச் சமுதாயங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டு, இச்சித்திரத்துக்குச் சாத்திர மதிப்பை அளித்தார். ஐரோப்பா கடந்துவந்த பழைய பொதுவுடைமை நிலையை இந்தியக் கிராமத்திலே நேரிற் காணலாம் என்பது அவர் துணிபு. (அதே 1871இல் இலங்கையிலும் ஹெர்க்கியூலிஸ் றொபின்சன் ஆட்சியிலே கிராமச் சமுதாயச் சட்டம் இயற்றப்பெற்றுப் பழைய கம்சபைகளுக்குப் புத்துயிர் அளிக்கப்பட்டமை கருதத்தக்கது. அக்கால ஆட்சியாளர்களிடையே இக்கருத்து எத்துணைப் பரவியிருந்தது என்பதற்கு அது சான்று.) பேடன் பவல் என்பார் 1896இல் எழுதிய நூலிலே, இந்தியக் கிராமங்கள் ஒரே வகையின அல்ல என்றும், தென்னாட்டிலும் பிற இடங்களிலும் நிலம் தனித்தனியாக உடைமை கொள்ளப்பட்ட ஊர்களே பரந்து காணப்படுகின்றன என்றும் வருமானப் பதிவேடுகளைக்கொண்டே எடுத்துக்காட்டினார். அந்நூலைப் படித்தவர் சிலர்; மெயினைப் படித்தவர் பலர்.

படித்த பலருள் ஒருவர் மோகனதாஸ் காந்தி. 1909 நவம்பரில் இலண்டனிலிருந்து தென்னாபிரிக்கா மீளும் கப்பலிலே குசராத்தி மொழியில் அவர் எழுதிய 'ஹிந்த் சுவராஜ்' நூலின் இறுதியிற் படிக்கத்தக்க நூல்களென ஒரு பட்டியல் உண்டு. தோல்ஸ்தோயும் ரஸ்கினும் தோரோவும் இடம்பெறும் அப்பட்டியலிலே மெயினின் கிராமச் சமுதாய நூலும் இருக்கிறது. மேனாட்டு நாகரிகத்தை நோயெனக் கடிந்து, புகையிரதத்தையும் வழக்கறிஞரையும் மருத்துவரையும் சாடி, முன்னோர் இயந்திரம் புனையும் ஆற்றலின்மையாலன்றி அறிந்தே அதனைத் தவிர்த்துச் சிற்றூர்களில் அமைந்தனர் என்று வாதிக்கும் நூல் அது. பம்பாய் அரசு அதனை 1910இல் தடைசெய்தது. அரசு அஞ்சியது அதன் அரசியலையே ஆயினும், நூலின் உள்ளுரம் அதன் உலகநோக்கிலேதான் இருந்தது. தேவையைப் பெருக்குவது நாகரிகமன்று, தேவையைச் சுருக்குவதே நாகரிகம் என்னும் அந்நோக்கு இந்து சமயத்தினதும் சமண சமயத்தினதும் துறவறத்திலிருந்து பெற்றது. அதற்குரிய இடமாகக் கிராமத்தைக் கண்டதிலே மெற்காப்பின் சித்திரமும் கலந்துகொண்டது. உள்நாட்டு அறமும் அந்நியர் வரைந்த படமும் ஒன்றாகி, 'பண்டைய பாரதப் பண்பு' என்ற பெயரோடு அரசியலுட் புகுந்த வரலாறு இது. ஒரு பண்பாட்டின் விழுமியம் எனப்படுவது எத்துணைக் கலப்புடையது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

காந்தியடிகளுக்கு நீதி செய்யவேண்டுமாயின் ஒன்றைச் சொல்லல் வேண்டும். அவர் கண்ட கிராமம் உள்ள கிராமம் அன்று. 1942 யூலையில் 'ஹரிஜன்' பத்திரிகையிற் கிராம சுயராச்சியம் பற்றி அவர் எழுதிய கட்டுரையிலே, ஆணும் பெண்ணும் ஆண்டுதோறும் தெரிந்தெடுக்கும் ஐவர் பஞ்சாயத்து உண்டு; தீண்டாமை வழிவந்த சாதிப் படிநிலை இல்லை. 1945 ஒக்டோபரில் நேருவுக்கு எழுதிய கடிதத்திலும், இன்றைய கிராமத்தை எண்ணிக்கொண்டு தம் கருத்தை அளக்கலாகாது, தம் கிராமம் இன்னும் தம் கற்பனையிலேயே உள்ளது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நேரு எழுதிய விடை சுருக்கமும் கடுமையும் உடையது: கிராமம் அறிவிலும் பண்பாட்டிலும் பொதுவாகப் பின்தங்கிய இடம், பின்தங்கிய சூழலிலிருந்து முன்னேற்றம் பிறவாது. குருவும் சீடரும் இக்கருத்திலே ஒருபோதும் ஒன்றுபடவில்லை.

மேலும், காந்தியடிகள் சொல்லளவில் நின்றவரல்லர். 1936இல் வார்தாவை அடுத்த சேகாவோன் என்னும் சிற்றூரிற் குடியேறி, மலக்குழி தோண்டுவதிலிருந்து ஊரைத் திருத்தத் தொடங்கினார். 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு வந்தபொழுதும் கதர் நிதியோடு தீண்டாமை ஒழிப்பையும் வலியுறுத்தியே பேசினார். அவருடைய குறை கருணையின்மை அன்று. ஊர் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும், உடையவன் மனம் மாறுவான் என்ற நம்பிக்கையே அவருடைய குறை. அந்நம்பிக்கை ஊரின் நடுவிலே நின்று நோக்குபவனுக்கு எளிது.

ஊரின் எல்லைக்கு அப்பால் நின்று நோக்குபவனுக்கு அது அவ்வளவு எளிதன்று. மராட்டிய நாட்டுக் கிராமத்திலே மகர் என்னும் வகுப்பார் வதன் என்ற ஊழிய முறைக்குக் கட்டுப்பட்டவர். அரச அதிகாரிக்கும் ஊர்த் தலைவனுக்கும் இரவுபகல் ஏவல் செய்தலும், செய்தி கொண்டோடுதலும், செத்த மாட்டை அகற்றுதலும் அவர்கள் தலைமேல் விழுந்த பணிகள். கைம்மாறு சிறு நிலத்துண்டும் களத்து நெல்லிற் சிறு பங்குமாம். மெற்காப் வியந்த தன்னிறைவு இதுவே. ஊருக்கு வேண்டிய யாவும் ஊருள்ளே கிடைத்தமைக்குக் காரணம், அவற்றைச் செய்யக் கடமைப்பட்டோர் ஊரின் புறத்தே கட்டுண்டு கிடந்தமையே. அம்பேத்கர் இம்முறையை ஒழிக்க 1928இலேயே பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொணர்ந்தார்.

அவர் பிறந்தது மௌ என்னும் படைமுகாமில். கற்றது சாத்தாராவிலும் பம்பாயிலும், பின்னர் நியூயோர்க்கிலும் இலண்டனிலும். இவ்வகையில் நகரவாசி என்ற பழிப்பு எழுத்தளவில் உண்மையே. ஆயினும் கிராமம் அவரைத் தேடிவந்து தீண்டியது. 1901இல், சிறுவனாயிருந்தபொழுது, கொரேகாவோனிற் பணிபுரிந்த தந்தையைக் காண உடன்பிறந்தாரோடு புகையிரதத்திற் சென்று இறங்கினார். மகர்ச் சிறுவர் என்று அறிந்ததும் மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுத்தனர். இரட்டைக் கூலி தந்து, வண்டியைத் தாமே ஓட்டிச் செல்ல இசைந்த பின்னரே ஒருவன் வண்டியைக் கொடுத்தான். அவன் தீட்டுக்கு அஞ்சிப் பக்கத்திலே நடந்துவந்தான். கையில் உணவிருந்தும் வழிநெடுகத் தண்ணீர் கொடுப்பார் இல்லாமையால் அன்றிரவு பசியோடு கழிந்தது. இதனைப் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்துள்ளார். ஊரிலே வாழ்ந்தவனே ஊரை அறிவான் என்பது உண்மையானால், ஊருக்குள் விடப்படாதவன் அதனை இன்னும் நன்றாக அறிவான் என்பதும் உண்மையாதல் வேண்டும். காமத் இதனைக் கருதினாரில்லை.

1948ஆம் ஆண்டு உரையை மட்டும் படிப்போர், அம்பேத்கர் ஊராட்சியை முற்றாக வெறுத்தார் என்று முடிவுகட்டுவர். அது பொருந்தாது. 1932 ஒக்டோபரில், பூனா ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டு இரு வாரமும் நிறையாத நிலையில், பம்பாய்ச் சட்டசபையிலே கிராமப் பஞ்சாயத்து மசோதா விவாதத்துக்கு வந்தது. சாதியிற் கட்டுண்ட ஊராரிடம் நீதி வழங்கும் அதிகாரத்தை ஒப்படைத்தால் எளியோர் கதி என்னாகும் என்று அவர் வினவினார். ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் சட்டத்திலேயே அமைக்கப்படல் வேண்டும் என்று வாதித்தார். வயதுவந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை இருந்தால் அதுவே போதும் என்ற விடை அவருக்கு நிறைவு தரவில்லை. இடம் ஒதுக்கிய பஞ்சாயத்து என்னும் எண்ணம் இந்திய அரசியலுட் புகுந்த வாயில்களுள் இதுவும் ஒன்று. அன்று அதனைச் செவிமடுத்தோர் சிலரே.

தமிழ்நாட்டாரின் பெருமைக்குரிய சான்று ஒன்றும் இவ்விடத்தே நோக்குதற்குரியது. பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்துக் குடவோலை முறையால் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வற்சர வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தெரிந்த முறையை விரிவாகக் கூறும். கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் பின்னர்த் தெரிவுக்கு அருகரல்லர் என்னும் விதி இக்கால மாநகர சபைகளும் பின்பற்றத்தக்கது. இதனைக் காட்டி, மக்களாட்சி தமிழருக்குப் புதியதன்று என மேடைகளில் முழங்குவர். ஆனால் அதே கல்வெட்டுத் தகுதிகளையும் வகுக்கிறது: இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும், சொந்த மனையிற் கட்டிய வீடு வேண்டும், முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயது வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவனுக்கு அரைக்கால் வேலியே போதும் என்ற சலுகையும் உண்டு. உத்தரமேரூர் பிராமணருக்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர். அங்கு நடந்தது நிலமுடைய கற்றோரிடையே நடந்த செம்மையான தெரிவு. அந்நிலத்தை உழுதவனும் அந்த ஏரியை வெட்டியவனும் குடவோலையிற் பெயர் எழுதப்பெற்றவரல்லர். கல்வெட்டை எழுதியோர் இதனை மறைக்கவில்லை, தெளிவாகவே பொறித்துவைத்தனர். மறைத்தவர் பிற்காலத்துப் புகழ்பாடுவோரே.

அரசியல் நிர்ணய சபையில் இவ்விரு நோக்குகளும் எவ்வாறு இணக்கப்பட்டன? இராசேந்திரப் பிரசாத் அவர்கள் 1948 மே மாதத்திலேயே, கிராமத்திலிருந்து மேல்நோக்கி எழும்பும் அமைப்பாக நகலை மாற்றலாகாதா என அரசியலமைப்பு ஆலோசகர் பி. என். ராவிடம் வினவியிருந்தார். காலம் கடந்துவிட்டது என்பதே விடை. நவம்பர் 22ஆந் திகதி கே. சந்தானம் கொணர்ந்த திருத்தத்தால், கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்னும் வழிகாட்டும் நெறி சேர்க்கப்பட்டது. அதுவே 40ஆம் உறுப்பு. அம்பேத்கர் நீண்ட உரையின்றி அதனை ஏற்றுக்கொண்டார். ஒரு வாரம் கழிந்து, 29ஆந் திகதி, தீண்டாமையை ஒழிக்கும் உறுப்பு நிறைவேறியது. அவ்வேளையிற் சபையிலே காந்தியடிகளுக்கு வெற்றி முழக்கம் எழுந்தது. நகலை எழுதியவரை வாழ்த்தி அத்தகைய முழக்கம் எழவில்லை.

இணக்கம் என்று இதனைச் சொல்வது மிகை. தீண்டாமை ஒழிப்பு நீதிமன்றத்தால் வலியுறுத்தத்தக்க அடிப்படை உரிமையாயிற்று. பஞ்சாயத்தோ, குடிசைத் தொழில், மதுவிலக்கு, பசுப் பாதுகாப்பு ஆகியவற்றோடு சேர்ந்து, எந்த நீதிமன்றமும் வலியுறுத்த இயலாத நெறிகளின் வரிசையில் வைக்கப்பட்டது. காந்தியத்துக்கு மாலையிட்டு மூலையில் அமர்த்திய செயல் அது. தனிமனித உரிமை டில்லியில் இருந்தது. ஊர் இருந்த இடத்தில் இருந்தது. அம்பேத்கரிடத்தும் குறை காணவேண்டிய இடம் இதுவே. ஊராட்சியை வெறும் வழிகாட்டும் நெறியாக விட்டதனால் ஊரின் பழைய அதிகாரம் அழிந்துவிடவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அகப்படாத அதிகாரமாக அது நீடித்தது. 1932இல் தாம் கேட்ட பாதுகாப்பை 40ஆம் உறுப்புக்குள்ளே எழுதுவிக்கும் வாய்ப்பு அவர் கைக்கு வந்தது, நழுவியது. கிராமத்தின்மேல் அவருக்கிருந்த நியாயமான சினமே அவ்வாய்ப்பைக் காணாதவாறு அவர் கண்ணை மறைத்தது போலும்.

உலகநோக்கு ஒன்று சமூகத் திட்டமாக மாறும்பொழுது நிகழ்வதைக் காண, மதராசு மாகாணத்திலே 1953இல் நடந்ததைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். முதலமைச்சராயிருந்த இராசகோபாலாச்சாரியார் அவ்வாண்டு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கெனப் புதிய கல்வித்திட்டம் ஒன்றை அறிமுகஞ்செய்தார். பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகள் இரு பிரிவாக வருவர். எஞ்சிய நேரத்தில் தந்தையின் தொழிலைக் கற்பர். பள்ளிக்கூடமும் ஆசிரியரும் பணமும் பற்றாத நாட்டிலே, இருப்பதைக்கொண்டு இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கிற் பிழையில்லை. திட்டத்தை ஆராய நியமிக்கப்பெற்ற பருலேகர் குழுவும் அதனை ஆதரித்தது.

எதிர்ப்போ தீப்போல் மூண்டது. பெரியார் ஈ. வெ. இராமசாமியும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் அதற்குக் குலக்கல்வித் திட்டம் எனப் பெயரிட்டனர். பெயரே திட்டத்தை வீழ்த்தியது எனலாம். காங்கிரசுக்குள்ளேயே பிளவு தோன்றியது. ஆச்சாரியார் பதவி துறந்தார். 1954 ஏப்பிரலில் முதலமைச்சரான காமராசரின் அரசு, மே மாதத்திலே திட்டத்தைக் கைவிட்டது.

இராசாசியைச் சாதிவெறியர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. அவருடைய முந்தைய ஆட்சியிலே, 1939இல், மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஒடுக்கப்பட்டோருக்குத் திறக்கப்பட்டதும், அதனைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டதும் வரலாறு. அத்தகையவர் இத்தகைய திட்டத்தை எவ்வாறு வகுத்தார்? விடை அவர் கிராமத்தைக் கண்ட கண்ணிலே இருக்கிறது. குயவன் மகன் சக்கரத்தருகேயும், நெசவாளி மகன் தறியருகேயும் பெறும் பயிற்சி உயர்ந்த கல்வி என்று அவர் உண்மையாகவே நம்பினார். தொழிலுக்கு மதிப்பளிப்பதாக அவர் எண்ணினார். மலம் அள்ளுவோன் மகனும் தோல் உரிப்போன் மகனும் பிற்பகலில் எதனைக் கற்பர் என்ற வினா அச்சித்திரத்தினுள் தோன்றவேயில்லை. தோன்றாமை சூழ்ச்சியினால் நிகழ்ந்ததன்று. சித்திரத்தின் இயல்பினால் நிகழ்ந்தது.

இவ்விடத்திற் பலரும் கவனியாத வேறுபாடு ஒன்றுண்டு. 1937இல் காந்தியடிகள் முன்வைத்து, ஸாகிர் ஹுசைன் குழு வகுத்த வார்தாக் கல்வியும் கைத்தொழிலை நடுவாகக் கொண்டதே. ஆயினும் அங்கே தொழிலைக் கற்பிப்பவர் பள்ளியாசிரியர். கற்பிக்கும் இடம் பள்ளிக்கூடம். நூற்பைப் பிராமணப் பிள்ளையும் கற்கும், பறையர் பிள்ளையும் கற்கும். தொழிலைச் சாதியிலிருந்து பிரித்தெடுப்பதற்கான வழி அதனுள் இருந்தது. 1953ஆம் ஆண்டுத் திட்டம் தொழிலைப் பள்ளியிலிருந்து மீண்டும் வீட்டுக்கு அனுப்பியது. வீடோ சாதியின் இடம். குருவின் கருத்தைச் சீடர் பொருளாதாரச் சிக்கனத்துக்காக ஒரு படி திருப்பினார். அவ்வொரு படியில் முழுப்பொருளும் மாறிப்போயிற்று. நாட்டில் எத்தனை கல்வித்திட்டங்கள் இவ்வாறு சிக்கனத்தின் பெயரால் தலைகீழாயின என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

1952 ஒக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டமும், பல்வந்தராய் மேத்தா குழுவின் 1957ஆம் ஆண்டு விதப்புரையின்படி 1959 ஒக்டோபர் 2இல் இராசத்தானின் நாகௌரில் நேரு தொடக்கிவைத்த பஞ்சாயத்து ராச்சியமும் பழைய நம்பிக்கையின் மேலேயே எழுந்தன. ஊருக்கு வந்த விதையும் உரமும் கடனும் நிலமுடையோர் முற்றத்தோடு நின்றன என்பது பின்னர் யாவரும் கூறிய முறைப்பாடு. பல மாநிலங்களில் தேர்தலே ஆண்டுக்கணக்கில் நடவாது போயிற்று.

மாற்றம் 1992 திசம்பரில் நிறைவேறி 1993 ஏப்பிரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தத்தோடு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயமாயிற்று. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கட்டொகை வீதப்படியும், பெண்களுக்கு மூன்றிலொன்றுக்குக் குறையாமலும் இடங்களும் தலைமைப் பதவிகளும் ஒதுக்கப்பட்டன. காந்தியடிகள் கேட்ட நிறுவனத்துள், அம்பேத்கர் 1932இல் கேட்ட பாதுகாப்பு அறுபதாண்டு கழிந்து வந்து சேர்ந்தது. இதனைக் காந்தியத்தின் வெற்றி என்று விழாவெடுப்போர், அத்திருத்தத்தின் உயிர் அதன் ஒதுக்கீட்டு உறுப்பிலே இருக்கிறது என்பதை ஏனோ மறந்துவிடுகின்றனர். அவ்வுறுப்பை நீக்கிவிட்டால் எஞ்சுவது உத்தரமேரூரே.

சட்டம் ஊருக்குள் நுழைந்தபொழுது ஊர் என்ன செய்தது என்பதற்கு மதுரை மாவட்டம் சான்று. மேலவளவு ஊராட்சியின் தலைமைப் பதவி ஒதுக்கப்பட்டது. 1996இல் நடந்த தெரிவிலே முருகேசன் என்பவர் தலைவரானார். 1997 யூன் 30ஆந் திகதி, மதுரையிலிருந்து பேருந்தில் ஊர் திரும்புகையில் அவரும் உடன் சென்ற ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிற் பத்தாண்டுக் காலம் மனுத்தாக்கல் செய்ய எவரும் விடப்படவில்லை. தப்பித்தவறி எவரேனும் தெரிவாயினும் பதவியேற்ற கையோடு விலகச் செய்யப்பட்டார். 2006 ஒக்டோபரிலேயே அங்கு முறையான தேர்தல் நடந்தது. சிறு குடியரசு தன்னுடைய எல்லையைத் தானே காத்துக்கொண்டது என்று மெற்காப்பின் மொழியிலே இதனைச் சொல்லலாம். யாழ்ப்பாணத்திற் கோயில் வாயிலிலும் கிணற்றடியிலும் நடந்தவற்றையும், அவற்றின்பொருட்டு 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டதையும் அறிந்த வாசகர்க்கு இம்மொழி புதிதன்று.

இருப்பினும், இவ்வளவும் கண்ட பின்னர், அம்பேத்கர் சொன்னவாறு கிராமத்தை விடுத்து நகருக்குப் போவதே வழி என்று முடிவுசெய்தலும் பொருந்தாது. கேரளத்திலே 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின்கீழ், மாநிலத் திட்டச் செலவில் மூன்றிலொன்றுக்கு மேற்பட்ட பங்கு உள்ளூராட்சிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டு, ஊர்ச்சபைகளில் வைத்தே வேலைகள் தீர்மானிக்கப்பட்டன. நிலச் சீர்திருத்தமும் பரந்த எழுத்தறிவும் முன்னரே நிகழ்ந்திருந்த நிலம் அது. காந்தியடிகள் கற்பனையில் வைத்திருந்ததாகக் கூறிய ஊரின் சாயல் எங்கேனும் தென்படுமாயின், அது ஊர் மாறிய இடத்திலே தென்படுகிறது; பழமை மாறாது நின்ற இடத்திலன்று. ஹிந்த் சுவராஜ் இதற்கு நேர்மாறாக வாதித்தது. அந்நூலை இன்று படிப்போர், அதன் அறத்தை ஏற்றுக்கொண்டு அதன் வரலாற்றை ஒதுக்கிவிடுதலே தக்கது. தேவையைச் சுருக்குக என்னும் குரல் இயந்திரப் பெருக்கத்தால் வெதும்பிய இவ்வுலகுக்கு முன்னினும் வேண்டற்பாலது. முன்னோர் ஊரிலே அக்குரல் ஆட்சிசெய்தது என்பதற்கு மட்டும் சான்றில்லை. ஏனெனில் தேவையைச் சுருக்கிக்கொண்டவர் பலர் அதனை விரும்பிச் செய்தவரல்லர்.

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர்களாகத் தெரிவான தாழ்த்தப்பட்டோர் சிலர் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடப்படுவதில்லை என்றும், அலுவலகத்தில் நாற்காலியில் அமர விடப்படுவதில்லை என்றும் முறைப்பாடுகள் எழுந்தன. 2022 ஓகஸ்டில் அம்மாநிலத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத்திற் பணித்தார்: கொடியை அத்தலைவர்களே ஏற்றுதல் வேண்டும்; அதற்கு வேண்டுமிடத்துக் காவல் அளித்தல் வேண்டும்.